கவுண்டி வரைபடத்தில் என் வேலி ஏன் தப்பான இடத்தில் இருக்கிறது?

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டிலுக்கு அருகே உள்ள ரெட்மண்டில் புதிதாக வீடு வாங்கிய ஒருவரின் கேள்வி இது. கிங் கவுண்டியின் இணைய வரைபடத்தில் தன் வீட்டைத் தேடிப் பார்த்திருக்கிறார். எல்லைக்கோடு அவருடைய வேலிக்கு நாலடி உள்ளே, கீரைப் பாத்தியின் நடுவே ஓடுகிறது. "கூகுள் மேப் இருக்கும்போது கவுண்டி எதற்குத் தனியாக ஒரு வரைபடம் வைத்திருக்கிறது? அதை வைத்து அப்படி என்னதான் செய்கிறார்கள்? பக்கத்து வீட்டுக்காரர் என் கீரைப் பாத்தியைக் கேட்டு வருவாரா?"

கீரைப் பாத்திக்குக் கடைசியில் வருகிறேன். இப்போதைக்குப் பிடுங்க வேண்டாம்.

நான் பல வருடங்களாக இந்த மாதிரித் தரவுகளோடுதான் மாரடிக்கிறேன். கூகுள் மேப்பின் வேலை உங்களை ஓரிடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. உங்கள் நிலம் எங்கே முடிந்து அடுத்தவர் நிலம் எங்கே தொடங்குகிறது என்பது அதற்குத் தேவையே இல்லை. கவுண்டிக்கோ அந்தக் கோடுதான் பிழைப்பு.

முதலில் கவுண்டி என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். மாவட்டம் என்று மொழிபெயர்ப்பார்கள். ஆனால் நம்மூர் மாவட்டத்தை மாநில அரசு நியமித்த ஆட்சியர் நடத்துகிறார். கிங் கவுண்டியை மக்கள் தேர்ந்தெடுத்த நிர்வாகியும் 9 உறுப்பினர் மன்றமும் நடத்துகிறார்கள். சொத்து மதிப்பீட்டாளர்கூடத் தேர்தலில் நின்று ஜெயிக்க வேண்டும். சியாட்டில், பெல்வியூ, ரெட்மண்ட் உட்பட 39 நகரங்கள் இதற்குள் இருக்கின்றன. 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 22.7 லட்சம். நகரங்களுக்குள் கவுண்டி சொத்து மதிப்பீடு, தேர்தல், பொதுச் சுகாதாரம், மெட்ரோ பேருந்து, கழிவுநீர் சுத்திகரிப்பு ஆகியவற்றைப் பார்க்கிறது. எந்த நகரத்திலும் சேராத பகுதிகளில் ரோடு, கட்டட அனுமதி என்று நகராட்சியின் வேலையையும் சேர்த்துப் பார்க்கிறது. ஒரே மண்ணின் மேல் இத்தனை துறைகள் இருந்தால், எல்லாரும் ஒரே படத்தைப் பார்த்துப் பேசுவது நல்லது. அதற்காகத்தான் 1990களின் தொடக்கத்தில் ஜிஐஎஸ் என்கிற புவியியல் தகவல் அமைப்புக்குள் இறங்கினார்கள்.

இந்த அமைப்பில் ஒவ்வொரு வகைத் தகவலும் ஒன்றன்மேல் ஒன்று விரித்த தனி அடுக்கு. எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது பார்சல் என்ற அடுக்கு. பார்சல் என்றதும் பரோட்டா ஞாபகம் வந்தால் தப்பில்லை. இங்கே அதற்கு மனை என்று பொருள். கிங் கவுண்டியில் ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட மனைகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 10 இலக்க எண்: முதல் ஆறு இலக்கம் மேஜர், கடைசி நாலு மைனர். உங்கள் மனை ஒரு லேஅவுட்டில் இருந்தால் மேஜர் அந்த லேஅவுட்டைக் குறிக்கும். இல்லையென்றால் அந்த ஆறு இலக்கத்தில் ஒரு சின்ன சரித்திரமே ஒளிந்திருக்கும்.

உதாரணத்துக்கு 322505 என்று வைத்துக்கொள்வோம். பெல்வியூ பக்கத்து எண். இதை 32, 25, 05 என்று உடைத்துப் படிக்க வேண்டும். ஆரிகன், வாஷிங்டன் இரண்டு மாநிலங்களின் நிலத்தையும் போர்ட்லண்டுக்கு அருகே 1851இல் குறித்த ஒரு புள்ளியிலிருந்து அளந்தார்கள். அங்கிருந்து ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுரங்களாக வடக்கே எண்ணினால் 25ஆவது, கிழக்கே எண்ணினால் 5ஆவது. அந்தச் சதுரத்துக்குள் ஒரு மைல் சதுரங்கள் 36, அதில் 32ஆவது. இந்த 36க்கும் எண் போட்ட விதம் அழகானது. வடகிழக்கு மூலையில் 1 என்று தொடங்கி மேற்கே 6 வரை போய், அடுத்த வரிசையில் 7 என்று கிழக்கே திரும்பி வருவார்கள். ஏர் ஓட்டுகிறவன் வரப்பில் மாட்டைத் திருப்பி ஓட்டுவது போல. இந்தச் சதுர முறையே 1785ஆம் வருடத்து நிலச் சட்டத்தில் பிறந்தது.

அளந்தது 66 அடி குந்தர் சங்கிலியால். அதே சங்கிலிதான் மதராஸ் மாகாணத்து வயல்களையும் அளந்தது. ஒரு சதுரச் சங்கிலி பத்து சென்ட், பத்து சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். சென்ட் கணக்கில் மனை வாங்கிய ஊர்க்காரருக்கு அமெரிக்காவின் ஒரு மைல் சதுரம் 640 ஏக்கர் என்பது தலை சுற்ற வைக்காது. 80 சங்கிலிக்கு 80 சங்கிலி, அவ்வளவுதான்.

இந்தக் கதையை ஏன் சொல்கிறேன் என்றால், திரையில் பளபளவென்று தெரியும் கோடுகளுக்கு வயது அதிகம். சியாட்டிலின் பழைய நகரப் பகுதியில் யெஸ்லர் வீதிக்கு வந்தால் தெருக்கள் சட்டென்று கோணிக்கொண்டு திரும்பும். 1853இல் மனை பிரித்தபோது, ஊரை நிறுவியவர்களில் ஒருவரான டாக் மேனார்ட் திசைகாட்டி சொன்னபடி வடக்கு தெற்காகத் தெரு போட்டார். அவரோடு ஊரை நிறுவிய ஆர்தர் டென்னியும் கார்சன் போரனும் கடற்கரையை ஒட்டிப் போட்டார்கள். விட்டுக்கொடுக்க யாருமில்லை. அந்தப் பிடிவாதம் இன்றைக்கும் தரவுத்தளத்தில் கோணலான கோடுகளாகக் கிடக்கிறது.

சரி, இத்தனை மனையையும் வரைந்து வைத்து என்ன பண்ணுகிறார்கள்? முதல் வேலை வரி. மாநிலச் சட்டப்படி சொத்தின் முழுச் சந்தை மதிப்புக்கு மதிப்பீடு போட வேண்டும். வருடாவருடம் மதிப்பைப் புதுப்பிப்பார்கள். ஆறு வருடத்துக்கு ஒருமுறையாவது ஆள் வந்து பார்ப்பார். மற்ற வருடங்களில் வான்படமும் பக்கத்து வீட்டு விற்பனை விலைகளும்தான் கை கொடுக்கும். உங்கள் வீட்டின் மதிப்பீட்டுப் பதிவை ஒருமுறை இணையத்தில் திறந்து பாருங்கள். படுக்கையறை எத்தனை, குளியலறை எத்தனை என்பதோடு, வீட்டிலிருந்து ரெய்னியர் மலை தெரிகிறதா, வாஷிங்டன் ஏரி தெரிகிறதா, சம்மாமிஷ் ஏரி தெரிகிறதா என்றெல்லாம் தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். போக்குவரத்துச் சத்தம், விமானச் சத்தம், மின்கம்பி என்று தொந்தரவுகளுக்கும் கட்டம் உண்டு. ஜன்னலில் மலை தெரிவதற்கு வரி கட்டுகிற ஊர் இது. எனக்கு இது நியாயமாகத்தான் படுகிறது. மலை தெரியும் வீட்டை விற்கும்போது அந்த மலைக்கும் சேர்த்துத்தானே விலை வைக்கிறார்கள்?

ஆனால் மதிப்பு பாதிக் கதைதான். இங்கே பள்ளி, தீயணைப்பு, நூலகம் என்று ஒவ்வொன்றுக்கும் தனி எல்லை உண்டு, அதையும் மாவட்டம் என்றுதான் சொல்வார்கள். உங்கள் மனை எந்தப் பள்ளி மாவட்டத்துக்குள், எந்தத் தீயணைப்பு மாவட்டத்துக்குள், எந்த நூலக மாவட்டத்துக்குள், எந்த நகரத்துக்குள் விழுகிறது என்று பார்த்து, அத்தனை எல்லைகளும் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடத்துக்கு ஒரு வரிக்குறியீடு கொடுப்பார்கள். ஒரே மாதிரி இரண்டு வீடு, எதிரெதிரே, ஒரே மதிப்பு. வரி மட்டும் வேறு என்றால் நடுத் தெருவில் ஏதோ ஒரு மாவட்டத்தின் எல்லை ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஏப்ரல் 30, அக்டோபர் 31 என்று இரண்டு தவணையாகக் கட்டுகிறீர்களே, அந்தப் பணம் இந்தக் கோடுகளைப் பார்த்துத்தான் பல பைகளுக்குப் பிரிகிறது.

வரியில் தப்பு நடந்தால் திருத்திக்கொள்ளலாம். 911 என்ற அவசர உதவி எண்ணுக்கு வரும் அழைப்பில் அந்தச் சலுகை கிடையாது.

இங்கே அவென்யூ எல்லாம் வடக்கு தெற்கு, ஸ்ட்ரீட் எல்லாம் கிழக்கு மேற்கு. அவென்யூவுக்குத் திசை பெயருக்குப் பின்னால் வரும், ஸ்ட்ரீட்டுக்கு முன்னால் வரும். "நார்த் ஈஸ்ட் 40த் ஸ்ட்ரீட்" மைக்ரோசாஃப்ட் வளாகத்தை ஒட்டி ஓடுகிறது. "40த் அவென்யூ நார்த் ஈஸ்ட்" வாஷிங்டன் ஏரிக்கு அந்தப் பக்கம், சியாட்டிலில் இருக்கிறது. பதற்றத்தில் ஒருவர் "ஃபார்ட்டியத், நார்த் ஈஸ்ட்" என்று மட்டும் சொன்னால் ஆம்புலன்ஸ் ஏரியின் எந்தக் கரைக்குப் போவது? அதனால்தான் முகவரி வெறும் எழுத்தாக மட்டும் இருந்தால் போதாது. ஒவ்வொரு முகவரிக்கும் வரைபடத்தில் ஒரு புள்ளி, முடிந்தால் அந்த வீட்டு வாசலிலேயே, இருக்க வேண்டும். நெடுஞ்சாலையிலிருந்து அரை மைல் உள்ளே காட்டுக்குள் வீடு இருக்கிற கிழக்குப் பகுதிகளில் இதன் அருமை தெரியும். தபால் பெட்டி இருக்கும் இடத்தில் புள்ளி வைத்தால் ஆம்புலன்ஸ் தபால் பெட்டிக்குத்தான் வரும்.

கைபேசி வந்த பிறகு இன்னொரு சிக்கல். பழைய முறையில் அழைப்பு எந்தக் கோபுரம் வழியாக வந்ததோ, அதற்கென்று ஒதுக்கிய கட்டுப்பாட்டு அறைக்குப் போகும். புதிய தலைமுறை 911இல் பேசுகிறவர் நிற்கும் இடத்தையே பார்த்து, அது எந்த எல்லைக்குள் விழுகிறது என்று கணினி தீர்மானித்து அனுப்புகிறது. கேட்க எளிது. ஆனால் எல்லைகளை வரைந்தவர்கள் வேறு வேறு ஆட்கள். ஒரு நகரம் தன் எல்லையை ரோட்டின் நடுக்கோட்டில் வரைந்திருக்கும், பக்கத்து நகரம் அதே ரோட்டின் ஓரத்தில் வரைந்திருக்கும். நடுவே இருபதடி இடுக்கு. அந்த இடுக்கில் காரை நிறுத்தி ஒருவர் அழைத்தால் அவர் யாருக்கும் சொந்தமில்லை. இரண்டு எல்லையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் இரண்டு பேருக்கும் சொந்தம், அதுவும் சிக்கல்தான். இந்த இடுக்குகளையும் மேலேற்றங்களையும் தேடித் தேடி அடைப்பது என் துறையில் மிகவும் சலிப்பான வேலை. யாரும் பாராட்டவும் மாட்டார்கள். ஆனால் ஒரு கவுண்டியின் வரைபடப் பிரிவு நல்லதா மோசமா என்று கேட்டால் நான் முதலில் இதைத்தான் பார்ப்பேன், அதன் இணையப் பக்கத்தின் அழகை அல்ல.

அடுத்து கட்டட அனுமதி. 1990இல் மாநிலம் வளர்ச்சி மேலாண்மைச் சட்டம் கொண்டு வந்தது. அதன்படி நகர வளர்ச்சிக்கு ஓர் எல்லைக்கோடு போட்டார்கள். ரெட்மண்டுக்குக் கிழக்கே காரில் போனால், ஒட்டி ஒட்டி நிற்கும் வீடுகள் சட்டென்று நின்று, காடும் குதிரைப் பண்ணையுமாக மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே கோடு ஓடுகிறது. கோட்டுக்கு அப்பால் ஆர்ஏ-5 என்று வகைப்படுத்திய இடத்தில் ஐந்து ஏக்கருக்கு ஒரு வீடு. கோட்டுக்கு இப்பால் அதே ஐந்து ஏக்கரில் ஒரு குடியிருப்பே எழும்பும். வரைபடத்தில் ஒரு கோட்டை நகர்த்தினால் கோடீஸ்வரர்கள் உருவாகிற சமாசாரம் என்பதால், இதை வரைபடக்காரர்கள் இஷ்டத்துக்குத் தொட முடியாது. மன்றம் சட்டம் இயற்றி மாற்ற வேண்டும். இதன் மேல் ஈரநிலம், சால்மன் ஏறும் ஓடை, செங்குத்துச் சரிவு என்று இன்னும் சில அடுக்குகள். கிராமப்புறத்தில் கழிவுத்தொட்டி எங்கே புதைந்திருக்கிறது என்கிற படம் சுகாதாரத் துறையிடம் இருக்கும். நகரங்களில் சேராத பகுதிகளில் வணிக வளாகங்களுக்கு மழைநீர்க் கட்டணம் வாங்கும்போது, மனையில் எத்தனை சதவீதம் கூரையும் தாரும் சிமெண்டும் என்று கணக்கெடுப்பதும் உண்டு. மண் குடிக்காத தண்ணீர் ஓடைக்குத்தானே போகும்.

சரிவுகளைப் பற்றிச் சொல்லும்போது லைடாரைச் சொல்லாமல் விட முடியாது. விமானத்திலிருந்து லேசர் துடிப்புகளை அனுப்பி, அவை திரும்பி வரும் நேரத்தை வைத்துத் தரையின் உயரத்தை அளப்பது. பெரும்பாலான துடிப்புகள் மரத்தின் மேலேயே பட்டுத் திரும்பிவிடும். ஒன்றிரண்டு இலை இடுக்கில் நுழைந்து தரையைத் தொடும். தரையைத் தொட்டவற்றை மட்டும் பொறுக்கியெடுத்தால், மரத்தையெல்லாம் உரித்துப் போட்ட மாதிரி வெறும் மண் தெரியும். வருடம் முழுக்கப் பச்சையாக இருக்கும் இந்தக் காடுகளில் அதற்கு முன் யாரும் மண்ணை அப்படிப் பார்த்ததில்லை.

1990களின் பிற்பாதியில் பக்கத்து கிட்சாப் கவுண்டியின் பொதுப் பயன்பாட்டு அமைப்பு பெயின்பிரிட்ஜ் தீவில் நிலத்தடி நீர் எங்கே இறங்குகிறது என்று பார்க்க லைடார் எடுத்தது. படத்தில் தண்ணீரைத் தேடியவர்களுக்குக் கிடைத்தது தீவின் குறுக்கே ஓடிய ஒரு படிவெட்டு: நிலநடுக்கம் தரையைத் தூக்கிவிட்ட தடம். காட்டுக்கு அடியில் அத்தனை காலம் கிடந்தது. அதன் பிறகுதான் இந்த வட்டார அமைப்புகள் கூட்டுச் சேர்ந்து லைடார் எடுக்கத் தொடங்கின.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2014 மார்ச் 22 அன்று வடக்கே ஸ்னோஹோமிஷ் கவுண்டியில் ஓசோ என்ற இடத்தில் மலைச்சரிவு இடிந்து வந்து ஒரு குடியிருப்பை மூடியது. 43 பேர் இறந்தார்கள். அந்தப் பள்ளத்தாக்கின் இரண்டு பக்கமும் பழைய சரிவுகளின் வடுக்கள் வரிசையாக இருப்பது, முன்பே எடுத்த லைடார் படத்தில் தெளிவாகத் தெரிந்தது. படம் இருந்தது, அது அங்கே வீடு வாங்கியவர் கண்ணில் படும் இடத்தில் இல்லை. அதற்குப் பிறகு மாநிலமே பணம் ஒதுக்கி லைடார் எடுத்து வெளியிட ஆரம்பித்தது. கிங் கவுண்டியும் தன் ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் சரிவு அபாயம் உள்ள இடங்களை வரைந்து வெளியிட்டது. தரவை வாங்குவதற்குச் செலவிடும் பணத்தில் கால் பங்கையாவது, அதைச் சாதாரண மனிதருக்குப் புரியும்படி காட்டுவதற்குச் செலவிட வேண்டும் என்று நான் வாதாடுவதற்கு ஓசோதான் காரணம்.

மற்ற பயன்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தபாலில் வரும் வாக்குச்சீட்டில் எந்தெந்தப் பதவிகள் அச்சாகி வர வேண்டும் என்பதை உங்கள் வீட்டுப் புள்ளி எந்தத் தொகுதிக்குள் விழுகிறது என்பது முடிவு செய்கிறது. மெட்ரோ பேருந்தின் நிறுத்தங்களும் பனிக்கால மாற்றுத் தடங்களும் இதில் வாழ்கின்றன.

இதெல்லாம் காசுக்குத் தகுமா? வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ஸெர்ப் தலைமையில் ஒரு பொருளாதார ஆய்வு நடந்தது. 1992 முதல் 2010 வரை ஜிஐஎஸ்ஸால் கிங் கவுண்டிக்குக் கிடைத்த நிகரப் பயன் சுமார் 77.5 கோடி டாலர் என்று 2012இல் சொன்னார்கள். ஊழியர்களைக் கேட்டு, இது இல்லையென்றால் இந்த வேலைக்கு எவ்வளவு நேரமாகும் என்று கணக்கிட்ட ஆய்வு. இந்த மாதிரிக் கணக்குகளை நான் அப்படியே விழுங்குவதில்லை. ஆனாலும் காகித வரைபடத்தை அலமாரியிலிருந்து இழுத்து விரித்துத் தேடிய காலத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தொகை அதிகமாகத் தோன்றாது.

இவ்வளவும் பொதுச் சொத்து. பெரும்பாலான அடுக்குகளை யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஒரு கட்டுப்பாடு மட்டும் உண்டு: வியாபாரத்துக்காகத் தனிமனிதர்களின் பெயர்ப்பட்டியலைக் கொடுக்க மாநிலச் சட்டம் அனுமதிப்பதில்லை. அதனால் மதிப்பீட்டாளர் தளத்தில் முகவரியையோ மனை எண்ணையோ போட்டுத் தேடலாம், ஆளின் பெயரைப் போட்டு வீட்டைத் தேட முடியாது.

இப்போது கீரைப் பாத்தி.

கவுண்டி வரைபடத்தை அச்சிட்டால் அடியில் பொடி எழுத்தில் ஒரு வாசகம் வரும்: இது நில அளவை ஆவணமாகப் பயன்படுத்துவதற்கல்ல என்று. அதைச் சம்பிரதாயம் என்று நினைக்க வேண்டாம், நிஜமாகவே சொல்கிறார்கள். நம்மூரில் பத்திரம் ஒரு அலுவலகம், பட்டா ஒரு அலுவலகம் என்று இருப்பது போல இங்கேயும் பத்திரம் பதிவு அலுவலகத்தில் இருக்கிறது. மதிப்பீட்டாளர் வைத்திருக்கும் கோடு வரி போடுவதற்கு. பழைய காகிதப் படங்களிலிருந்து கணினிக்கு ஏற்றிய கோடுகள் சில இடங்களில் பல அடி தள்ளியிருக்கும். வான்படத்திலும் கேமராவுக்கு நேர் கீழே இல்லாத கூரைகள் கொஞ்சம் சாய்ந்துதான் விழும். கைபேசியின் ஜிபிஎஸ் கணக்கிடும் ஆள்கூறு முறையும் கவுண்டியின் முறையும் இந்த வட்டாரத்தில் ஒரு மீட்டருக்கு மேல் விலகி நிற்கின்றன. அப்புறம் ஓர் அல்ப விஷயம். அமெரிக்காவில் இரண்டு வகை அடி புழக்கத்தில் இருந்தன. இரண்டுக்கும் வித்தியாசம் பத்து லட்சத்தில் இரண்டு பங்குதான். ஆனால் ரெட்மண்டின் கிழக்கு ஆள்கூறு, அதாவது கணக்கு தொடங்கும் புள்ளியிலிருந்து கிழக்கே உள்ள தூரம், 13 லட்சம் அடியைத் தாண்டுகிறது. மென்பொருளில் அடியின் வகையை மாற்றித் தேர்ந்தெடுத்தால் உங்கள் வீடு இரண்டரை அடி நகர்ந்துவிடும். நானே ஒருமுறை இந்தத் தப்பைப் பண்ணிவிட்டு அரை நாள் காரணம் தேடியிருக்கிறேன். பழைய வகை அடியை 2022 முடிவோடு அதிகாரபூர்வமாகக் கைவிட்டாயிற்று. பழைய கோப்புகளில் அது இன்னும் இருக்கிறது.

ஆக, உங்கள் நாலடியில் எவ்வளவு வேலியின் குற்றம், எவ்வளவு படத்தின் குற்றம் என்று திரையைப் பார்த்துச் சொல்ல முடியாது. முதலில் பதிவு அலுவலகத்தின் தளத்தில் உங்கள் லேஅவுட்டின் மூலப்படத்தை இறக்கிக்கொள்ளுங்கள். அக்கம்பக்கத்தில் யாராவது நில அளவை செய்து பதிந்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். 1973ஆம் வருடத்துச் சட்டத்தின் கீழ் பதிந்த அளவைகள் அங்கேயே கிடைக்கும். அதிலும் சந்தேகம் தீரவில்லை என்றால் உரிமம் பெற்ற சர்வேயரைக் கூப்பிடுங்கள். செலவு பிடிக்கும். ஆனால் வருடக்கணக்கில் தள்ளிப்போட வேண்டாம். இந்த மாநிலத்தில் பத்து வருடம் ஒருவர் வெளிப்படையாக, தன்னுடையது போல அனுபவித்த நிலத்துக்கு உரிமை கோர வழியிருக்கிறது. அது உங்களுக்கும் பொருந்தும், பக்கத்து வீட்டுக்காரருக்கும் பொருந்தும்.

எங்கள் வீட்டிலும் இதே கூத்து நடந்தது. கவுண்டி வரைபடத்தில் கோடு எங்கள் பக்கம் மூன்றடி உள்ளே வந்திருந்தது. நானே இந்தத் துறை ஆள், இருந்தும் மனசு கேட்கவில்லை. சர்வேயர் வந்தார், உலோகம் தேடும் கருவியை வேலி ஓரமாக ஓட்டினார், அது கத்திய இடத்தில் ஒரு முழம் தோண்டினார். துருப்பிடித்த கம்பி, தலையில் மஞ்சள் பிளாஸ்டிக் மூடி, மூடியில் யாரோ ஒரு பழைய சர்வேயரின் உரிம எண். அந்தக் கம்பி, வேலிக்கு அந்தப் பக்கம் பதினோரு அங்குலம் தள்ளி இருந்தது. பக்கத்து வீட்டம்மாவின் ரோஜாச் செடி எங்கள் மண்ணில் நிற்கிறது. இதுவரை அவரிடம் சொல்லவில்லை.